வள்ளத்து மோட்டாரும் நான்கு கோடைகளும்: பழுது வயரில் இருந்தது

14 அடி அலுமினிய வள்ளம், 12 வோல்ட்டில் ஓடும், 55 பவுண்ட் உந்துவிசை கொண்ட ட்ரோலிங் மோட்டார் (வள்ளத்தை மெதுவாக நகர்த்தும் சின்ன மின் மோட்டார்), 100 ஆம்பியர்-மணி டீப் சைக்கிள் பேட்டரி (நீண்ட நேரம் மின்சாரம் தருவதற்கென்று செய்தது). இவற்றோடு ஒன்ராறியோவின் ஸ்கூகாக் ஏரியில் நான்கு கோடைகள் மீன் பிடித்தாயிற்று. ஆழம் குறைந்த, களை மண்டிய ஏரி அது. சத்தமில்லாமல் நகர இந்த மோட்டார் அருமையான துணை. மோட்டாரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது வயரிங்தான்.

மூன்றாம் கோடையில் வள்ளம் உச்ச வேகத்தில் பத்து நிமிடம் ஓடினாலே தளர்ந்துவிடும். கீழ் வேகங்களில் ஒரு குறையும் தெரியாது. "பேட்டரி முடிஞ்சுது மச்சான், புதுசா ஒண்டு வாங்கிப் போடு" என்றான் என்னோடு வருபவன். வாங்கினேன். அதே தளர்ச்சி. விசிறியைக் கழற்றிப் பார்த்தேன், தூண்டில் நூல் எதுவும் சுற்றியிருக்கவில்லை. வீட்டுக் கராஜில் ஓட்டினால் சீறிக்கொண்டு சுழன்றது, மீட்டரும் 12.7 வோல்ட் காட்டியது. இங்கேதான் ஒரு மாதம் ஏமாந்தேன். விசிறி தண்ணீரைத் தள்ளாதபோது மோட்டார் சில ஆம்பியர்தான் இழுக்கும். அவ்வளவு சின்ன மின்னோட்டத்தில் கெட்ட இணைப்பும் நல்ல பிள்ளையாக இருக்கும்.

அப்புறம் வள்ளத்தை இறங்குதுறையில் கட்டிப்போட்டு, உச்ச வேகத்தில் ஓடவிட்டு அளந்தேன். பேட்டரி முனையில் 12.1 வோல்ட், மோட்டார் முனையில் 9.6. இரண்டரை வோல்ட் வழியில் காணாமல் போகிறது! மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரியின் பிளஸ்ஸிலும் மற்றதை மோட்டாரின் பிளஸ்ஸிலும் வைத்தேன்: 0.6. மைனஸ் பக்கம் அதேபோல வைத்தால் 1.9. இருக்கைக்கு அடியில் முன்பு வள்ளத்தை வைத்திருந்தவர் போட்ட ஒரு கிரிம்ப் இணைப்பு (வயர் முனைகளை உலோகக் குழலில் வைத்து நசுக்கிச் சேர்ப்பது) தொட முடியாத சூடு. உறையை வெட்டிப் பார்த்தால் செம்பு அரித்து முழுக்கப் பச்சை. 45 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்திலேயே 60 வாட் அளவுக்கு வெப்பம். நெருப்புப் பிடிக்காதது என் நல்ல காலம்.

அந்த இணைப்பை மட்டும் மாற்றி விட்டிருக்கலாம். ஆனால் பழைய 10 கேஜ் வயரே (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) ஒரு பக்கத்துக்கு 4 மீட்டர் தூரத்தில் 0.6 வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதனால் தகரம் பூசிய 6 கேஜ் செம்பு வயரை இடையில் ஒட்டே இல்லாமல் இழுத்தேன். முனைகளில் சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் பசையுள்ள உறை. பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் 60 ஆம்பியர் பிரேக்கர், மின்னோட்டம் மிஞ்சினால் தானாகத் துண்டிப்பது. இந்தப் பிரேக்கர் முன்பு இருக்கவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

இப்போது உச்ச வேகத்தில் இரு பக்கமும் சேர்த்து இழப்பு அரை வோல்ட்தான். நான்காம் கோடை முழுவதும் தளர்ச்சி இல்லை. குளிருக்கு முன் பேட்டரியை நிறையச் சார்ஜ் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறேன். சார்ஜ் இறங்கிய ஈய பேட்டரி இங்குள்ள குளிரில் உறைந்து கூடு விரிசல் விட்டுவிடும். பனி உருகியதும் முதல் வேலை, துறையில் கட்டிப்போட்டு அதே நான்கு முனைகளையும் அளப்பது.