வலி நின்றது, பல் பிழைக்கவில்லை: சொத்தைக்குத் தைலம் வாங்கி ஏமாந்தேன்

சொத்தைப் பல்லுக்கு ஆயுர்வேதத் தைலம், பொடி என்று சொல்லி, "ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும்" என்று யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். நான் வாங்கினேன். ஐந்து மாதம் ஒரு நாள் விடாமல் பயன்படுத்தினேன். கீழ்க் கடைவாய்ப் பல்லின் நரம்பு செத்து, வேரில் சீழ் கட்டி, கன்னம் வீங்கிய பிறகுதான் பல் டாக்டரிடம் போனேன்.

ஆரம்பத்தில் பெரிய தொந்தரவு இல்லை. இனிப்பு பட்டால் கூசும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சுருக்கென்று இழுத்துவிட்டு உடனே அடங்கிவிடும். நாக்கால் தடவினால் சின்னக் குழி ஒன்று தட்டுப்படும். அப்போதே போயிருந்தால் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்து அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். டிரில் சத்தத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டேன். அந்தப் பயம் இருக்கிறவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் தொடர்பு கிடைத்தது. தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொண்டவர் என் வாயை நேரில் பார்க்கவே இல்லை. போனில் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "புடுங்கவும் வேண்டாம், குடையவும் வேண்டாம். மூணு மாசத்துல பல்லு வளந்து தானா மூடிக்கும்" என்றார். பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வைக்க ஒரு தைலம், தேய்க்க ஒரு பொடி, காலையில் வாயில் ஊற்றிக் கொப்பளிக்க ஓர் எண்ணெய். தைலத்தைத் திறந்தாலே அறை முழுக்கக் கிராம்பு வாசனை.

வைத்த அன்றே வலி குறைந்தது. அதில் பொய் இல்லை. கிராம்பில் இருக்கும் யூஜெனால் என்ற பொருள் நரம்பை மரத்துப்போகச் செய்யும். பல் டாக்டர்களும் துத்தநாக ஆக்சைடோடு அதைக் கலந்து தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். ஆனால் மரத்துப்போவது வேறு, ஆறுவது வேறு. பஞ்சை எடுக்கும்போது பழுப்பாகத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வரும். கேட்டால், "கிருமி செத்து வெளிய வருது" என்பார். பிறகுதான் தெரிந்தது, அது என் பல்லேதான். அமிலத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிட்ட பல்லின் உள்பகுதி. பல் ஈறில் தைலம் பட்ட இடம் வெந்து வெள்ளையாகத் தோல் உரிந்தது. அதற்கு, "விஷம் இறங்குது" என்று பதில்.

மூன்றாம் மாதம் வலி வேறு மாதிரி ஆனது. சூடாக எதையாவது குடித்தால் பிடித்த வலி அரை மணி நேரம் விடாது. படுத்தால் காது வரை தெறிக்கும். தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே விடிய விடிய விழித்திருந்த இரவுகள் உண்டு. தைலத்தை நாளுக்கு நான்கு முறை வைக்கச் சொன்னார், வைத்தேன். அப்புறம் ஒரு வாரத்தில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. சூடு, குளிர்ச்சி எதுவும் தெரியவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில், "பல் குணமாகிவிட்டது, ரொம்ப நன்றி" என்று அவருக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன்.

இந்த இடத்தை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். பல்லுக்கு நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள மென்மையான திசு இருக்கிறது. சொத்தை அதுவரை போனால் அது வீங்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அதனால்தான் அப்படி உயிர் போகிற வலி. கடைசியில் அந்தத் திசு செத்துவிடும். செத்த நரம்புக்கு வலி ஏது? ஆனால் கிருமிகள் அங்கே நிற்காமல் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும்.

ஏழு வாரம் கழித்து ஒரு காலையில் கன்னம் வீங்கியிருந்தது. டாக்டர் சின்னப் பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்பிரே அடித்து முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தார். துள்ளிவிட்டேன். அடுத்து சொத்தைப் பல்லில் வைத்தார். ஒன்றுமே தெரியவில்லை. "வெச்சிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். வைத்துப் பத்து விநாடி ஆகிவிட்டது என்றார். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கருப்பாக ஒரு வட்டம். அந்த இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார். சீழை வடித்து, வேர் சிகிச்சை செய்து, கேப் போட மொத்தம் ஐந்து தடவை போய்வந்தேன்.

பல் வளர்ந்து மூடுமா என்று அவரிடமே கேட்டேன். பல்லின் மேலோடான எனாமலில் உயிருள்ள செல்லே கிடையாது, தோல் மாதிரி அது ஆறி வளராது என்றார். குழி விழுவதற்கு முன், வெறும் வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போது மட்டும், எச்சிலில் உள்ள தாதுக்களாலும் ஃபுளோரைடாலும் திரும்பக் கெட்டியாக வாய்ப்பு உண்டு. குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும்.

ஆயுர்வேதத்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. முறையாகப் படித்த ஆயுர்வேத மருத்துவர் ஒருவரிடமும் பிறகு பேசினேன். கொப்பளிப்பது வாய்ச் சுத்தத்துக்கு, குழி விழுந்த பல்லைப் பல் டாக்டரிடம்தான் அனுப்புவோம் என்றார். பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையே சொத்தைப் பல்லைக் கிருமிதந்தம் என்று சொல்லி, ஆடுகிற நிலைக்கு வந்துவிட்டால் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைச் சுடச் சொல்கிறது என்றும் விளக்கினார். தானாக வளர்ந்து மூடும் என்பது விற்றவர் தானாகச் சேர்த்துக்கொண்டது.

எக்ஸ்ரே படத்தை விற்றவருக்கு அனுப்பினேன். "பத்தியம் சரியா இருந்திருக்க மாட்டீங்க" என்று ஒரே வரி, அப்புறம் பேச்சே இல்லை. பணத்தைக்கூட விட்டுவிட்டேன். ஆனால் நான் நன்றி சொன்ன அந்தக் குரல் பதிவை இன்னும் புதிதாக வருகிறவர்களுக்குச் சாட்சியாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை கேட்டும் எடுக்கவில்லை. "பல் குணமாகிவிட்டது, ரொம்ப நன்றி" என்று ஒரு குரல் உங்களுக்கும் வந்தால், அது என்னுடையதாக இருக்கலாம். அதைப் பேசும்போது என் பல் ஏற்கெனவே செத்திருந்தது.