"பெல்லட் பழகிய அரோவானா": நீலகிரியில் மீன் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கோத்தகிரி, குன்னூர், உதகை வட்டாரங்களில் சில்வர் அரோவானா வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெல்லட் எனப்படும் உலர் தீவன உருண்டையைத் தின்னப் பழகிய மீன் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கமான விலையைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கொடுத்து, மலைக்கு மேலேயே இயங்கும் ஒரு வண்ணமீன் கடையில் நான் வாங்கிய மீன், அதற்குமுன் ஒரு பெல்லட்டைக்கூட விழுங்கியிராத மீன் என்பது பின்னர் உறுதியாயிற்று. புகார் நடவடிக்கையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் இந்த விற்பனை முறை அந்த ஒரு கடையோடு நிற்பதாகத் தெரியவில்லை. அதனால் அது எப்படி நடக்கிறது என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

பெல்லட்டுக்காக ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்று அரோவானா வளர்க்காதவர்கள் கேட்கலாம். அமேசான் படுகையைச் சேர்ந்த இந்த மீன் நீரின் மேற்பரப்பில் இரை தேடுவது. மேல்நோக்கித் திறக்கும் வாயும் தாடை நுனியில் இரண்டு மீசைகளும் அதற்காகவே அமைந்தவை. நீருக்கு மேல் தாழ்ந்திருக்கும் கிளையில் உட்கார்ந்த வண்டைத் தாவிப் பிடிக்கக்கூடிய இந்த மீன், துள்ளும் இரைக்குப் பழகிவிட்டால் அசையாமல் மிதக்கும் உருண்டையை உணவாகவே மதிப்பதில்லை. ஒன்றிரண்டு முறை வாயில் வாங்கினாலும் உடனே துப்பிவிடும். முழுதாக வளர்ந்தால் மூன்றடி வரை நீளக்கூடிய மீனுக்கு ஆண்டு முழுவதும் உயிர் இரை தேடுவது சமவெளியிலேயே செலவான காரியம். இங்கே அதை மேட்டுப்பாளையத்துக்குக் கீழிருந்து மலைப்பாதையில் ஏற்றிவர வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபட்டால் அதுவும் வராது. பெல்லட் தின்னும் மீனுக்கு மலையில் தனி மதிப்பு இருப்பதற்கு இதுதான் காரணம். விற்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

கடையில் எனக்குக் காட்டப்பட்டது, ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள சுறுசுறுப்பான மீன். தீனி போட்டுக் காட்டச் சொன்னபோது, "இப்பதான் சாப்பிட்டுச்சு சார், வயிறு நிறைஞ்சிருக்கு, இனி நாளைக்குத்தான் எடுக்கும்" என்று பதில் வந்தது. அதற்கு ஈடாகக் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டப்பட்டது. அதில் ஒரு சில்வர் அரோவானா மேலே வந்து பெல்லட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து விழுங்குகிறது. அந்த வீடியோவையும், "பெல்லட் சூப்பரா எடுக்கும் சார்" என்ற வரியையும் கடைக்காரர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். பில்லில் மட்டும் "சில்வர் அரோவானா 1" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத மறுத்துவிட்டார். பெல்லட் பழகியது என்று எழுதித் தரக் கேட்டதற்கு, உயிருள்ள பொருளுக்கு யாரும் அப்படி எழுதித் தருவதில்லை என்றார். உயிருள்ள பொருளுக்கு அந்தக் குணத்தைச் சொல்லிக் கூடுதல் பணம் வாங்குவது மட்டும் அவருக்கு எப்படி இயல்பாக இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்த மீன் பெல்லட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதல் சில நாட்கள் புது இடத்தின் அச்சமாக இருக்கலாம் என்பது நியாயமான விளக்கம். எந்த அரோவானாவும் தொட்டி மாறினால் சில நாட்கள் உண்ணாமல் இருக்கும். அதன் பிறகு கடைக்காரர் தொடங்கியதுதான், இந்தப் பதிவில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய "குளிருக்கு அப்படித்தான் சார்" என்ற பல்லவி.

இது வலுவான சாக்கு, ஏனென்றால் பாதி உண்மை. அரோவானாவுக்குத் தொட்டி நீர் 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். நீர் குளிர்ந்தால் மீனின் உடலும் குளிர்ந்து செரிமானம் மந்தமாகிப் பசி அடங்கிவிடும். இரண்டாயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில், மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் இல்லாத தொட்டியின் நீர் இந்த அளவுக்கு வெகுவாகக் கீழே இறங்கும். சமவெளியில் லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் ஹீட்டர் போதுமென்பார்கள். அறையின் வெப்பத்துக்கும் நீருக்கு வேண்டிய வெப்பத்துக்கும் இடைவெளி மிகுதியான இங்கே அது போதாது. அதே கடை என் தொட்டியின் அளவைக் கேட்டுக்கொண்டுதான், அதில் கால்பங்குத் தண்ணீரைச் சூடாக்கவும் திணறக்கூடிய ஹீட்டர் ஒன்றை என்னிடம் விற்றிருந்தது. குளிரால் உண்ணவில்லை என்று சொல்வதற்கான வசதியையும் சேர்த்தே விற்றார்கள் என்று நான் சொன்னால் அது சந்தேகப் புத்தி அன்று.

அந்தச் சாக்கை உடைப்பதற்கு வழி எளிது. போதிய திறனுள்ள இரண்டு ஹீட்டர்களைத் தொட்டியின் இரு முனைகளிலும் பொருத்தி, பின்புறமும் பக்கங்களிலும் தெர்மாகோல் அட்டை ஒட்டி, ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு கண்ணாடி தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். நீர் இரவிலும் பகலிலும் 28 டிகிரியில் நின்றது. மீன் தெளிவாக நீந்தியது. வீட்டு விளக்குக்கு வந்த ஓர் ஈசல் நீரில் விழுந்தபோது பாய்ந்து விழுங்கியது. பெல்லட்டை மட்டும் மூக்கால் இடித்துத் தள்ளியது. பசியில்லாத மீன் ஈசலைப் பிடிக்காது. அந்த மீனுக்குப் பசி இருந்தது, பெல்லட் உணவென்பதுதான் தெரியவில்லை.

இதற்குள் கடை என்னிடம் மேலும் சில பொருள்களை விற்றுவிட்டிருந்தது. முதலில் வந்தது, ஜப்பானிய எழுத்து அச்சிட்ட துண்டுத்தாள் ஒட்டிய சாதாரண பிளாஸ்டிக் உறையில் அடைத்த "இம்போர்ட்டட்" பெல்லட். தயாரித்த நாளோ, காலாவதி நாளோ, உட்பொருள் விவரமோ எதுவும் இல்லை. பிரித்ததும் சிக்குப்பிடித்த எண்ணெய் வாடை அடித்தது. மீன் தீவனத்தில் உள்ள கொழுப்பு காற்றுபட்டால் கெட்டுப்போகும், வைட்டமின் சி-யும் வேகமாகக் குறையும். பெரிய டப்பாவைப் பிரித்துச் சிறு உறைகளில் அடைத்து விற்பதை எந்தப் பெயரில் விற்றாலும் வாங்கக் கூடாது. அடுத்து வந்தது பசியைத் தூண்டும் சொட்டுமருந்து, லேபிளே இல்லாத பாட்டில். அது நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலமாகப் பரவியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. கடைசியாக, "பாவம், கொஞ்ச நாளைக்கு உயிர் மீன் குடுங்க சார்" என்று கப்பி மீன்கள். அவற்றோடு வெண்புள்ளி நோயும் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. தனிமைத் தொட்டியில் வைத்துக் கவனிக்காத தீனி மீன்களால் வெண்புள்ளியும் நங்கூரப் புழு என்ற ஒட்டுண்ணியும் பரவுவது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியாத செய்தியன்று. தங்கமீன் குட்டிகளைத் தீனியாகத் தருவது இன்னும் கெடுதல்; அவற்றின் உடலில் உள்ள தயமினேஸ் என்ற நொதி, தொடர்ந்து உண்ணும் மீனின் பி1 சத்தைச் சிதைத்துவிடும்.

உண்மை இரண்டு வழிகளில் வெளிப்பட்டது. எனக்கு அனுப்பப்பட்ட அதே வீடியோ, கோயம்புத்தூர்ப் பக்கத்து வளர்ப்பாளர் ஒருவர் நெடுநாள் முன்பே பொதுவில் பகிர்ந்தது என்பதை நண்பர் ஒருவர் கண்டுபிடித்துக் காட்டினார். தொட்டியின் பின்னணிப் படம் முதல் பம்பின் குழாய் வரை ஒன்றே. பின்னர், அந்தக் கடையில் வேலை பார்த்து விலகிய ஓர் இளைஞர், அங்கே வந்த அரோவானாக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் தொட்டியில் தானாகப் பெருகும் கப்பிகளைத்தான் போட்டார்கள் என்றும், பெல்லட் போடுவது வாங்குபவர் வந்து நிற்கும்போது மட்டும்தான் என்றும் சொன்னார்.

இந்த ஏமாற்று ஏன் எளிதாக நடக்கிறது என்றால், நன்கு வளர்ந்த அரோவானா வாரக்கணக்கில் உண்ணாமல் தாக்குப்பிடிக்கும். மீன் மெலிவது கண்ணுக்குத் தெரிவதற்குள் கடைக்காரர் வாயால் சொல்லும் "ஒரு வார கேரண்டி" முடிந்திருக்கும். அதன் பிறகு குளிர், தண்ணீர், உங்கள் ஹீட்டர் என்று எல்லாம் உங்கள் பொறுப்பாகிவிடும்.

இதையெல்லாம் வைத்துக் கேட்டபோது அவர் முன்வைத்த சமாதானம் வேறு ஆபத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். இந்த மீனைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மேலே பணம் வாங்கிக்கொண்டு, சிவப்பு ஆசிய அரோவானா ஒன்றைத் தருவதாகச் சொன்னார், சான்றிதழ் ஏதுமில்லாமல். ஆசிய அரோவானா, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள இனம். பதிவுபெற்ற பண்ணையில் பிறந்ததற்கான சான்றும், உடலில் பொருத்திய மைக்ரோசிப்பும் இல்லாமல் சட்டப்படி கைமாற முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்தின்படி, வைத்திருப்பவர் அதை அரசிடம் பதிவும் செய்ய வேண்டும். சில்வர் அரோவானாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மலிவாகக் கிடைக்கும் "ரெட்" என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள்.

என் மீன் இப்போது பெல்லட் உண்கிறது. அதில் கடையின் பங்கு எதுவுமில்லை. வெண்புள்ளி ஆறியபின், உயிர் இரையை அறவே நிறுத்திச் சில நாள் இடைவெளி விட்டு, தோலுரித்த இறாலைச் சிறு துண்டுகளாக்கி, ஃபில்டர் நீர் விழும் இடத்தில் போட்டேன். ஓட்டத்தில் துண்டு அசைவதால் மீன் பாய்ந்து பிடித்தது. இறாலுக்குப் பழகியபின் துண்டைக் கீறி உள்ளே ஒரு சிறு பெல்லட்டைச் செருகி, வர வர இறாலைக் குறைத்து, பின்பு இறால் சாற்றில் நனைத்த மிதக்கும் பெல்லட்டை மட்டும் கொடுத்தேன். அதிகம் ஊறவிட்டால் பெல்லட் மூழ்கிவிடும், மூழ்கியதை இந்த மீன் தேடிப் போகாது. தின்னாததை கால் மணி நேரத்துக்குள் வலையால் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் நீர் கெடும். அரோவானாவின் வாய்க்குள் அடங்காத பேரட் சிக்லிட் மீன்கள் இரண்டைக் கூடவே விட்டதும் உதவியது. அவை பெல்லட்டுக்கு முந்துவதைக் கண்டு இதுவும் முந்தத் தொடங்கியது. கடைக்காரர் சொன்னபடி மாதக்கணக்கில் பட்டினி போட்டுப் பழக்குவது ஒரு சாண் மீனுக்குக் கொடுமை. அதனினும் சிறிய குட்டியென்றால் இறந்தே போகும்.

வாங்கப் போகிறவர்கள் வீடியோவை ஏற்காதீர்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வேறொரு நாளில் போய், நீங்கள் கொண்டுபோன பெல்லட்டை உங்கள் கையால் போட்டு, மீன் அதை விழுங்கிவிட்டு மறுபடி மேலே வருகிறதா என்று சில நிமிடம் நின்று பாருங்கள். வாயில் வாங்குவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் துப்புவது தெரியாது. சொல்லும் குணத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பொய்யான தரத்தைச் சொல்லி விற்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் பதிய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே பதியலாம்.

1915-இல் புகார் பதிந்தபின் கடை தீவனத்துக்கும் சொட்டுமருந்துக்குமான பணத்தைத் திருப்பித் தந்தது. மீனுக்கு வாங்கிய கூடுதல் விலையைத் தர மறுத்துவிட்டதால் அதற்காக மாவட்ட ஆணையத்தை அணுகியிருக்கிறேன். நீல நிறப் பின்னணிப் படமும், வலது ஓரத்தில் வெள்ளைக் குழாயும் தெரியும் தொட்டியில் ஓர் அரோவானா பெல்லட் தின்னும் வீடியோவைக் காட்டி உங்களுக்கும் மீன் விற்கப்பட்டிருந்தால், அந்த வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் செலுத்திய விவரத்தையும் அழித்துவிடாமல் வைத்திருந்து எனக்குத் தகவல் தாருங்கள்.