ஸ்பீச் தெரபி மாஸ்டர்ஸ்: கிளாஸ் சுமார், கிளினிக்குக்காக சேரலாம்

ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜி மாஸ்டர்ஸ் முடிச்சாச்சு, சேரலாமான்னு நிறைய பேர் கேக்கறீங்க, அதான் இந்த ரிவ்யூ. காலேஜ் பேரு வேணாம் விடுங்க.

திக்கிப் பேசற பிள்ளைங்களுக்கும் 'ர' வராத பிள்ளைங்களுக்கும் பேச பழக்கற வேலை, அவ்ளோதான்னு நெனச்சு வந்தா சிலபஸ பாத்து மிரண்டுருவீங்க. முழுங்கற பிரச்சனை அதுல ரொம்ப பெரிய பகுதி. ஸ்ட்ரோக் வந்தவங்க, பார்க்கின்சன்ஸ் இருக்கவங்க எல்லாம் தண்ணி குடிச்சா சிலருக்கு அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும், அதுல பாதகம் என்னன்னா சில பேருக்கு இருமல்கூட வராது, சைலண்ட் ஆஸ்பிரேஷன்னு சொல்லுவாங்க, வெளிய இருந்து பாத்தா நல்லா முழுங்கற மாதிரியே தெரியும், பேரியம் கலந்து குடுத்து எக்ஸ்ரே வீடியோவோ இல்ல மூக்கு வழியா ஸ்கோப்போ விட்டு பாத்தாதான் புரியும். இத ஸ்லைடுல பாத்து கத்துக்க முடியுமா சொல்லுங்க? எங்களுக்கு ஹாஸ்பிடல் போஸ்டிங் ரொம்ப கம்மி. ஃபீஸ் வாங்கும்போது மட்டும் கம்மியா வாங்கல. லேப் மட்டும் பரவால்ல, 10 மில்லி சிரிஞ்ச்ல திக்கா கலக்குன தண்ணிய ஊத்தி 10 செகண்ட்ல எவ்ளோ மிச்சம் நிக்குதுன்னு பாத்து ஐடிடிஎஸ்ஐ லெவல் (குடிக்கறது எவ்ளோ திக்குன்னு சொல்ற அளவு) சொல்ற டெஸ்ட்ட நாங்களே செஞ்சு பாத்தோம், அது மறக்கவே மறக்காது.

நியூரோ கிளாஸ் அருமை. பேச்சு புரியுது ஆனா வார்த்தை வரல, சரளமா வருது ஆனா அர்த்தமே இல்ல, இப்படி அஃபேசியா, அதாவது மூளை பாதிப்பால மொழி தடுமாறற பிரச்சனை, அதோட வகைகள வீடியோ போட்டு பிரிச்சு காட்டுனாங்க. ரிசர்ச் மெத்தட்ஸ் தூக்கம். பேச முடியாதவங்களுக்கு படம், டேப்லெட் வெச்சு பேச வைக்கிற ஏஏசிக்கு மொத்தமே ஒரே கிளாஸ்தான், இது அநியாயம்.

கிளினிக்குக்காகவே சேரலாம்னு சொல்றது சூப்பர்வைசர்னால. நாங்க எடுத்த செஷன் வீடியோவ கூட உக்காந்து பாப்பாங்க, பிள்ள எத்தன தடவ பேசுச்சு நீ எத்தன தடவ பேசினன்னு எண்ண சொல்லுவாங்க, எல்லாருக்குமே தெரபிஸ்ட் பக்கம்தான் நம்பர் எகிறும். கேள்வி கேட்டுட்டு வாய மூடிட்டு காத்திருக்கறதே ஒரு டெக்னிக்னு அங்கதான் புரிஞ்சுது.

சேரறதுக்கு முன்னாடி, பெரியவங்க கேஸ் எத்தன மாசம் போஸ்டிங், கூட நின்னு சூப்பர்வைஸ் பண்றது யாரு, எத்தன ஸ்டூடண்ட்டுக்கு ஒருத்தர், இதெல்லாம் எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்ல எல்லா காலேஜும் நல்லாத்தான் சொல்லும்.

5க்கு 3.5. முழுங்கற கேஸ் போஸ்டிங் கூட்டுனா 4.5 குடுத்திருப்பேன்.