ஸ்டீரியோ மாற்றியதும் பேட்டரி டவுனா? வெட்டி முறுக்கிய வயர், கப்ளர், ஒரு ஒப்பீடு

காரில் புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டபின் இரண்டு மூன்று நாள் நிறுத்திவைத்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, ஃபியூஸ் அடிக்கடி போகிறது, டேஷ்போர்டு வெளிச்சம் வரவில்லை என்று யாராவது கேட்டால், நான் பிராண்டைக் கேட்க மாட்டேன். வயரை எப்படி இணைத்தார்கள் என்றுதான் கேட்பேன்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். ஒன்று, கம்பெனி சாக்கெட்டை வெட்டி, வயர்களை முறுக்கி டேப் சுற்றுவது. இன்னொன்று, வயரை வெட்டாமல் கம்பெனி சாக்கெட்டையும் புது செட்டையும் இணைக்க அந்த மாடலுக்கென்றே கிடைக்கும் சொருகியை, அதாவது கப்ளரை, வாங்கிச் சொருகுவது.

வெட்டி முறுக்குவதில் கப்ளர் காசு மிச்சம், எந்த வண்டிக்கும் எந்த செட்டையும் போட்டுவிடலாம், அவ்வளவுதான். தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ இரவெல்லாம் உப்புக் காற்றில் நிற்கிற வண்டி என்றால், வெறுமனே முறுக்கிய செம்பு பச்சை பூத்துவிடும், வெயிலில் டேப்பின் பசையும் இளகிக் கழன்றுவிடும். அப்புறம் ஒரு நாள் பாட்டு வரும், ஒரு நாள் வராது. வெட்டியே தீர வேண்டுமென்றால் சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடச் சொல்லுங்கள். ஆனால் சாக்கெட்டை வெட்டிய வண்டிக்கு எலக்ட்ரிக்கல் வாரண்டி கேட்டுப் போய் நிற்பது கஷ்டம்.

என் ஓட்டு கப்ளருக்குத்தான். அதிலும் ஒரு பொறி உண்டு. செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் வர வேண்டியது, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வர வேண்டியது. சில வண்டிகளில் கப்ளரின் இந்த இரண்டு பின்களும் இடம் மாறி இருக்கும். அப்படியே சொருகினால் சில செட்கள் சாவியை எடுத்தபிறகும் முழுதாக அணையாமல் பேட்டரியை உறிஞ்சலாம். செட்டிங்ஸும் ஒவ்வொரு முறையும் அழிந்துபோகலாம். சொருகும் முன் சாவியை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் இரண்டையும் பார்த்துவிட்டால் போதும். ஆரஞ்சு வயர் லைட் போட்டதும் செட் மங்குவதற்கு. வண்டியின் அந்த வயரை கறுப்பு எர்த்தோடு சேர்த்துவிட்டால் லைட் போட்டதும் ஃபியூஸ் போகும். அங்கே 10க்குப் பதில் 20 ஆம்பியர் போட்டுப் பிரச்சினையை மறைக்காதீர்கள், ஃபியூஸ் தப்பிக்கும், வயர் எரியும்.

சரி, பழுது ஏற்கெனவே வந்துவிட்டது, கண்டுபிடிப்பது எப்படி? முதலில் பேட்டரி: ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அருகிலும், எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரையும் இருந்தால் பேட்டரியும், அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் பெரும்பாலும் தப்பு செய்யவில்லை. அதற்கு மேல், நிற்கிற வண்டியில் எந்த ஃபியூஸ் வழியாக கரண்ட் போகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. எளிது, ஆனால் ஃபியூஸைத் திரும்பச் சொருகும்போது வண்டிக்குள் தூங்கிய சின்னக் கம்ப்யூட்டர்கள் விழித்து அளவு எகிறும். மீட்டர் இப்படி இருக்கும்போது தப்பித்தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது. மற்றது, எந்த ஃபியூஸையும் பிடுங்காமல் அதன் முதுகில் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மில்லிவோல்ட் அளவில் மீட்டர் முனையை வைப்பது. பூஜ்யம் என்றால் அந்த ஃபியூஸில் மின்னோட்டமில்லை. 15 ஆம்பியர் ஃபியூஸில் இரண்டு மூன்று மில்லிவோல்ட் காட்டினால் அரை ஆம்பியர் போல ஓடுகிறது, அதாவது ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. சின்ன காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று நாளில் காலி. இப்போதைய வண்டிகளுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான், 0.1 மில்லிவோல்ட் காட்டுகிற மீட்டர் மட்டும் வேண்டும். மஞ்சள் கப்ளர்கள் ஏர்பேக்குடையவை, அங்கே டெஸ்ட் லாம்ப் போகவே கூடாது.

எந்த வழியானாலும் சாவியைத் தூரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து அளக்க வேண்டும். மொத்த ஓட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அதிகமாக இருந்து, ஸ்டீரியோ ஃபியூஸை எடுத்ததும் இறங்கி, வயரிங்கும் சரியாக இருந்தால், செட்டின் செட்டிங்ஸுக்குள் போய் ஸ்லீப் அல்லது குயிக் பூட்டை (செட் முழுதாக அணையாமல் தூங்கி, சீக்கிரம் விழிக்கும் வசதி) அணைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.