கியர் சைக்கிளா, கறுப்பு சைக்கிளா: வேளச்சேரி முதல் நந்தனம் வரை

மூன்று வருடம் கியர் சைக்கிள் ஓட்டினேன். போன ஆடியில் அதை விற்றேன். ஆடியில் வண்டி வாங்காதே என்று அம்மா சொல்லிவிட்டதால் ஆவணி பிறக்கும்வரை பஸ்ஸில் தொங்கினேன். அப்புறம் தாத்தா காலத்து மாதிரி கறுப்பு சைக்கிள் ஒன்றை வாங்கினேன். 28 இன்ச் சக்கரம், கம்பி பிரேக், கேரியர், மட்கார்டு, முழு செயின் கவர். "பால் வியாபாரம் எப்படிப் போகுது?" என்று ஆபீஸில் இன்னும் கேட்கிறார்கள்.

என் வழி: வேளச்சேரி விஜயநகர், குருநானக் கல்லூரி, ரேஸ் கோர்ஸ், சின்னமலை, மறைமலையடிகள் பாலம், சைதாப்பேட்டை, நந்தனம். ஒரு பக்கம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். இந்த வழிக்காகத்தான் இந்த ஒப்பீடு. ஊட்டியில் இருப்பவர்கள் கியர் சைக்கிளையே வாங்கிக்கொள்ளுங்கள்.

வேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கியரில் 35 நிமிடம், கறுப்பில் 40. அவ்வளவுதான். இடையில் எத்தனை வேகமாக மிதித்தாலும் சின்னமலை சிக்னலில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்கிறோம். 21 கியரில் நான் தொட்டது மூன்று. சென்னை தட்டையான ஊர், மேம்பாலங்களில் நான் ஏறுவதில்லை, பாலத்து ஏற்றத்துக்குக் கொஞ்சம் எழுந்து மிதித்தால் போதும். விலையும் தெரிந்த கதைதான்: கறுப்பைப் போல மூன்று மடங்கு கொடுத்து கியரை வாங்கினேன், வாங்கியதில் பாதிக்கும் கீழே விற்றேன்.

சாலையில் வரும் ஆபத்துகள் இரண்டுக்கும் பொது. நிறுத்தத்துக்காகச் சட்டென்று இடது பக்கம் அணைக்கும் பஸ், ஆளைப் பார்த்ததும் நிற்கும் ஷேர் ஆட்டோ, பின்னால் பார்க்காமல் திறக்கும் கார் கதவு, மூடாமல் விட்ட மழைநீர் வடிகால் பள்ளம். இதில் கறுப்புக்கு ஒரு சின்ன லாபம் உண்டு. நிமிர்ந்து உட்காருவதால் முன்னால் நிற்கும் காரின் கூரைக்கு மேலே பார்வை போகிறது, என்ன வருகிறது என்று முன்கூட்டியே தெரிகிறது. மே மாதம் காலை ஒன்பது மணிக்கு முதுகு கொஞ்சம் குறைவாகவும் நனைகிறது.

நான் மாறியதற்குக் காரணம் இவை எதுவுமில்லை. பஞ்சர்.

நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை மாநகராட்சி 2014-இல் ஏற்றுக்கொண்டது. என் வழியில் நல்ல நடைபாதைகள் சில வந்திருக்கின்றன. சைக்கிளுக்குக் கிடைப்பது என்னவோ இன்றும் தார்ச்சாலையின் இடது ஓரம்தான். மற்ற வண்டிகளின் சக்கரம் ஒதுக்கித் தள்ளும் மணல், கண்ணாடிச் சில்லு, கம்பித் துண்டு எல்லாம் வந்து சேருவதும் அங்கேதான். அதனால் பஞ்சர் வருமா என்று யோசிக்கத் தேவையில்லை, வந்தால் யார் ஒட்டுவார் என்பதுதான் கேள்வி.

ஒரு சாயங்காலம் சைதாப்பேட்டையில் கியர் சைக்கிளின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. பக்கத்திலேயே பஞ்சர் கடை. கடைக்காரர் நல்ல மனுஷன், டயரைக் கழற்றி, டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டியும் விட்டார். காற்று அடிக்கும்போதுதான் நின்றார். "இன்னா சார் இது, ஊசி கணக்கா கீது? இதுக்கு எப்டி காத்து அடிக்கிறது?" அது பிரெஸ்டா வால்வு. மெல்லிசான தண்டு, தலையில் குட்டித் திருகு. அவருடைய பம்பில் எதுவும் அதைப் பிடிக்கவில்லை. அதன்மேல் மாட்ட ஒரு பித்தளை மூடி உண்டு, சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். அது அன்றைக்கு வீட்டு மேஜை டிராயரில் இருந்தது. வேளச்சேரிவரை தள்ளிக்கொண்டு நடந்தேன். நல்லவேளை, மழை இல்லை.

எல்லா கியர் சைக்கிளும் இப்படியல்ல. பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு உள்ளவையும் நிறைய வருகின்றன. வாங்கப் போனால் பெயிண்டைப் பார்க்கும் முன் வால்வைப் பாருங்கள்.

அடுத்தது ஹேங்கர். பின் கியரைத் தாங்கும் விரல் நீள அலுமினியத் துண்டு அது. அடிபட்டால் சட்டகம் போகக்கூடாது, தான் வளைந்துகொள்ள வேண்டும் என்றே மென்மையாகச் செய்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் யாரோ ஸ்கூட்டரை நகர்த்தும்போது சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து விழுந்தது, துண்டு வளைந்தது, கியர் மாற்றும் போதெல்லாம் செயின் கத்தியது. மாடலுக்கு மாடல் அதன் வடிவம் வேறு. வாங்கிய கடையில் கேட்டால், வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வந்து சேர 19 நாள். அதுவரை பஸ்.

கறுப்பு சைக்கிளுக்கு இந்தக் கதையே கிடையாது. அட்லஸ் கம்பெனி தன் கடைசி ஆலையை 2020 ஜூன் 3-ஆம் தேதி மூடியது, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று. அதற்காக அட்லஸ் வைத்திருப்பவர்கள் தெருவில் நின்றுவிடவில்லை. ஹீரோவின் பெடல் அதற்குப் பொருந்தும், அம்பத்தூரில் தயாரான ஹெர்குலிஸின் ஃப்ரீவீலும் பொருந்தும். தவிர, அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சாதாரண சைக்கிள் கொடுப்பதால், டயர், டியூப், போக்ஸ் கம்பி எல்லாம் கடைகளில் வந்துகொண்டே இருக்கின்றன. வால்வில் காற்று நிற்கவில்லையா? வால்வு டியூப் என்கிற அந்த ரப்பர் குழாயில் ஒரு துண்டை வெட்டி, எச்சில் தொட்டுச் செருகினால் வேலை முடிந்தது. சில்லறை இல்லாவிட்டால் "நாளைக்குக் குடு" என்பார்கள்.

குறைகளும் இருக்கின்றன. மழையில் கம்பி பிரேக் பிடிக்கிற லட்சணத்தை என்னவென்று சொல்வது! ஈரமான குரோம் ரிம்மில் ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் நான் பாதி வேகத்தில்தான் போகிறேன், முன்னால் இரண்டு ஆள் இடம் விட்டு. எடையும் அதிகம், லிஃப்ட் இல்லாத மாடி வீடு என்றால் இதை நினைக்கவே வேண்டாம். பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கவும் முடியாது. வேளச்சேரித் தண்ணீரில் இறக்கினால், மழைக்காலம் முடிந்ததும் ஓவராயில் பண்ணியே ஆகவேண்டும். எனக்கு 500 ரூபாய் ஆனது. இன்னும் முதல் வருடம்தான், மூன்றாம் வருடத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

எலெக்ட்ரிக் சைக்கிளைப் பற்றியும் கேட்கிறார்கள். 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார், 25 கிலோமீட்டருக்குள் வேகம் என்றால் லைசென்ஸ், பதிவு வேண்டாம். நண்பருடையதை இரண்டு தடவை ஓட்டினேன், சிக்னலில் கிளம்பும்போது முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவது போல சுகமாக இருந்தது. இரண்டு தடவையை வைத்து அதற்குமேல் எழுதுவது நியாயமில்லை.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலிருந்து ஆபீஸ்வரை ஒரு நாள் மெதுவாகப் போய், வழியில் எத்தனை சைக்கிள் கடை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். என் வழியில் மூன்று. அதில் ஒன்று செவ்வாய்க்கிழமை திறக்காது.