ஓடிக்கொண்டிருக்கும் கொலோசஸ்: பிளெட்ச்லி பார்க்கின் கணினி அருங்காட்சியகம்

இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில், இரண்டாம் உலகப் போரின்போது எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் மையமாக இருந்த பிளெட்ச்லி பார்க்குக்குச் செல்லும் பலர், எனிக்மா என்ற ஜெர்மானியச் சங்கேத இயந்திரத்தையும் அதை உடைக்க உதவிய கணிதவியலாளர் ஆலன் டூரிங்கையும் மனத்தில் வைத்து மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே வளாகத்தில் தனி நிர்வாகத்தில் இயங்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்தின் பக்கம் திரும்பாமலே கிளம்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி நுழைவுச்சீட்டு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் இதையே பாருங்கள் என்பேன்.

காரணம், போர்க்காலத்தில் ஜெர்மானியச் சங்கேதங்களை உடைக்க உருவான மின்னணு இயந்திரம் கொலோசஸ். ஹிட்லரின் தலைமையகத்துக்கும் தளபதிகளுக்கும் இடையே சென்ற செய்திகளைச் சங்கேதமாக்கி மறைத்தது 12 சக்கரங்கள் கொண்ட லோரன்ஸ் இயந்திரம். அதைக் கண்ணால் காணாமலே அதன் உள்ளமைப்பை 1942 தொடக்கத்தில் பிளெட்ச்லி பார்க்கின் சங்கேத ஆய்வாளர் பில் டட் கணித்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்களின் தொடக்க நிலையைக் கண்டறியும் வேலை மனிதக் கைகளுக்கு மீறியதாக இருந்தது. முதலில் வந்த ஹீத் ராபின்சன் இயந்திரத்தில் இரண்டு காகித நாடாக்கள் இம்மி பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டியிருந்ததால், அவை நீண்டும் கிழிந்தும் தொல்லை கொடுத்தன. அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் ஒரு நாடாவின் வேலையை அப்படியே வால்வுகள் எனப்படும் மின்னணுக் குழாய்களிடம் ஒப்படைத்தார்; அப்படிப் பிறந்ததுதான் கொலோசஸ். இத்தனை வால்வுகள் சேர்ந்தால் ஒன்று மாற்றி ஒன்று பழுதாகும் என்று மற்றவர்கள் தயங்கியபோது, அணைக்காமல் தொடர்ந்து எரியவிட்டால் அவை நீடித்து உழைக்கும் என்பதைத் தொலைபேசி இணைப்பகங்களில் பெற்ற அனுபவத்தால் அவர் அறிந்திருந்தார்.

போருக்குப் பின் பெரும்பாலான கொலோசஸ்கள் பிரிக்கப்பட்டன, வரைபடங்கள் எரிக்கப்பட்டன; 1970கள் வரை ரகசியம் காக்கப்பட்டதால் முதல் மின்னணுக் கணினி என்ற பெயரை அமெரிக்காவின் எனியாக் தட்டிச்சென்றது. எஞ்சிய சில புகைப்படங்களையும் துண்டுக் குறிப்புகளையும் வைத்து டோனி சேல் குழுவினர் மீட்டுருவாக்கி 2007இல் முடித்த கொலோசஸ்தான் இங்கே ஓடுகிறது. நொடிக்கு 5,000 எழுத்துகள் வீதம் கப்பிகளின் மேல் நாடா விரையும் இரைச்சலும், ஏறத்தாழ 2,500 வால்வுகளின் வெப்பமும் எந்த விளக்கப் பலகையாலும் தர முடியாதவை.

அடுத்து நின்று பார்க்க வேண்டியது, ஹார்வெல் அணு ஆய்வுக்கூடத்துக்காகக் கட்டப்பட்டு 1951இல் இயங்கத் தொடங்கிய, ‘விட்ச்’ என்று பின்னர் பெயர் பெற்ற கணினி. டெக்கட்ரான் எனப்படும் எண்ணும் குழாய்களில் செம்மஞ்சள் ஒளிப்புள்ளிகள் வட்டமாக நகர்வதை எண்ணிக்கொண்டே கணக்கைப் பின்தொடரலாம். இரண்டு எண்களைப் பெருக்குவதற்கே பல நொடிகள் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நிதானமானது. மேசைக் கணிப்பானோடு இதனுடன் போட்டியிட்ட ஒருவர் அரைமணி நேரம் ஈடுகொடுத்துவிட்டுக் களைத்து விலகினாராம். வேகத்தைவிடச் சலிக்காமையே இதன் பலம்.

எண்பதுகளின் வீட்டுக் கணினிகள் நிறைந்த கூடத்தைச் சிறுவர்கள் விரும்புவார்கள். நான் அதை விரைவாகவே கடந்தேன். இயந்திரங்களை இயக்கிக் காட்டும் தன்னார்வலர்களிடம் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம், மின்சுற்று விவரத்தைக்கூடப் பொறுமையாக விளக்குகிறார்கள். திறந்திருக்கும் நாட்களை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு செல்லுங்கள்.