ஸ்டெக்ஹைட் ரிவ்யூ: ஒளிச்சு வைக்க ஓகே, உங்க படம்னு நிரூபிக்க இது வேண்டாம்

படத்துக்குள்ள ஃபைல் ஒளிச்சு வைக்கணும்னு யார் கேட்டாலும் முதல்ல வர்ற பதில் ஸ்டெக்ஹைட் தான். ஸ்டெஃபான் ஹெட்ஸல் எழுதினது, கடைசி வெர்ஷன் 0.5.1 வந்தது 2003ல, அதுக்கப்புறம் அவர் பக்கத்துலேர்ந்து புதுசா எதுவும் வரல, ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் டெபியன், காலி லினக்ஸ்னு எதுல உக்காந்தாலும் ஒரே வரியில இன்ஸ்டால் ஆயிடுது. காசு கிடையாது, ஜிபிஎல் லைசென்ஸ், அதாவது யார் வேணா எடுத்துப் பயன்படுத்தலாம், மாத்தலாம். போட்டோவும் வீடியோவும் எடிட் பண்ற வேலையில இருக்கறதால என்கிட்ட இதைப் பத்தி ரெண்டு கேள்வி மாறி மாறி வருது, ஒண்ணு "ஒரு ரகசிய ஃபைல படத்துல மறைச்சு அனுப்பலாமா", இன்னொண்ணு "என் படத்தை எவனாவது எடுத்துப் போட்டா என்னுதுன்னு நிரூபிக்க உள்ள எதாவது வைக்கலாமா". கேக்கறவங்க ரெண்டும் ஒரே வேலைன்னு நினைச்சுத்தான் கேக்கறாங்க, ஆனா மறைக்கறதுல உள்ள இருக்கறது யாருக்கும் தெரியக்கூடாது, வாட்டர்மார்க்ல, அதாவது என்னுதுன்னு நிரூபிக்க வைக்கற அடையாளத்துல, உள்ள இருக்கறது சாகக்கூடாது. இந்த ரெண்டையும் தனித்தனியா வச்சுத்தான் இந்த டூலைப் பாக்கணும், அப்பத்தான் அதுக்கும் நியாயமா இருக்கும்.

முதல்ல பயன்படுத்தற விதம். பட்டன், விண்டோ எதுவும் கிடையாது, டெர்மினல் மட்டும்தான். எம்பெட்னு அடிச்சு, எந்தப் படத்துல வைக்கணும், எந்த ஃபைல வைக்கணும்னு ரெண்டையும் கொடுத்தா பாஸ்வேர்ட் ரெண்டு தடவை கேக்கும், அவ்வளவுதான் முடிஞ்சுது. திருப்பி எடுக்க எக்ஸ்ட்ராக்ட். ஃபைலோட பேரையும் சேர்த்தே உள்ள வச்சுக்கும், அதனால வெளிய எடுக்கும்போது அதே பேர்ல வந்து விழும், பேர் வேண்டாம்னா அதை நிறுத்தவும் ஆப்ஷன் இருக்கு. ஒண்ணு மட்டும் கண்டிப்பா கவனிங்க, வெளிய வர்ற ஃபைலுக்கு தனியா பேர் கொடுக்கலேன்னா இது ஒரிஜினல் படத்து மேலயே எழுதிடும். அதனால எப்பவும் எஸ்எஃப் ஆப்ஷன் போட்டு புதுப் பேர் கொடுத்துடுங்க.

ஜேபெக், பிஎம்பி, ஆடியோல வேவ், ஏயூ, இந்த நாலுதான் எடுத்துக்கும். பிஎன்ஜி கிடையாது, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் பிஎன்ஜியா வர்ற காலத்துல இது பெரிய குறைதான். வீடியோ சுத்தமா கிடையாது, அதைக் கீழ சொல்றேன். எவ்வளவு இடம் இருக்குன்னு பாக்க இன்ஃபோ கமாண்ட் போட்டா கொள்ளளவு காட்டும், ஜேபெக்ல ஃபைல் சைஸ்ல கொஞ்சம்தான் கிடைக்கும், ஒரு கடிதமோ சின்ன டெக்ஸ்ட் ஃபைலோ தாராளமா போகும், வைக்கறதுக்கு முன்னாடி அதுவே கம்ப்ரஸ் பண்ணி 128 பிட் ஏஇஎஸ்ங்கற பூட்டற முறையில என்க்ரிப்ட்டும் பண்ணிக்கும், நாம எதுவும் சொல்ல வேண்டியதில்ல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் உள்ள நடக்கற வேலை. சாதாரணமா படத்துல மறைக்கறதுன்னா கடைசி பிட்டை மாத்தறது, அதாவது ஒரு பிக்சல்ல சிவப்பு 200ன்னு இருந்தா அது பைனரியில 11001000, அந்தக் கடைசி சைபரை ஒண்ணாக்கினா 201, கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சிவப்பு பச்சை நீலம் மூணுலயும் ஒவ்வொரு பிட்டுன்னு வச்சா 1920க்கு 1080 படத்துல கிட்டத்தட்ட 760 கேபி வைக்கலாம், அது நிறையதான். ஆனா கண்ணுக்குத் தெரியலேன்னாலும் கணக்குக்குத் தெரியும். கண்ணை மூடிட்டு கடைசி பிட்டை மாத்திட்டே போனா 200ம் 201ம் எண்ணிக்கையில ஒண்ணுக்கொண்ணு சமமாக ஆரம்பிச்சுடும், இயற்கையான படத்துல அப்படி இருக்காது, இதை வச்சே கண்டுபிடிக்கற கை-ஸ்கொயர்ங்கற புள்ளியியல் சோதனையை வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மேன் ரெண்டு பேரும் 1999லயே காட்டிட்டாங்க. ஸ்டெக்ஹைட் இதுக்கு எடுத்த வழி அழகு, மதிப்பை மாத்தறதுக்கு பதிலா முடிஞ்ச வரைக்கும் இடம் மாத்தி வைக்குது, இங்க 200 இருக்கணும் அங்க 201 இருக்கணும்னா ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு மாத்திடும், எண்ணிக்கை அப்படியே இருக்கும். யார் யாரோட இடம் மாத்திக்கலாம்னு ஜோடி தேடறதுக்கு கிராஃப் தியரி வச்சு ஒரு மேட்சிங் ஓடுது, ஜோடி கிடைக்காத கொஞ்சத்தை மட்டும்தான் நேரடியா மாத்தும். ஜேபெக்ல இதே வேலையை பிக்சல்ல பண்ணாம, 8க்கு 8 பிக்சல் கட்டங்களோட டிசிடி எண்கள்ல, அதாவது ஜேபெக் ஒவ்வொரு கட்டத்தையும் சேமிச்சு வைக்கற எண்கள்ல பண்ணுது. அந்தக் காலத்துல இவ்வளவு யோசிச்சு எழுதி ஃப்ரீயா கொடுத்திருக்காருன்னா அதுக்கு மரியாதை கொடுத்தே ஆகணும்.

இன்னொரு நல்ல விஷயம், தப்பான பாஸ்வேர்ட் போட்டாலும் சரி, உள்ள ஒண்ணுமே இல்லாத படத்தைக் கொடுத்தாலும் சரி, ஒரே பதில்தான் வரும், அந்த பாஸ்வேர்டுல எதையும் எடுக்க முடியலன்னு. இருக்கா இல்லையான்னே வெளிய இருக்கறவனுக்குத் தெரியக்கூடாதுங்கற யோசனை, ஒளிச்சு வைக்கறதோட முழு அர்த்தமே அதுதானே.

இப்ப கெட்ட செய்தி. 2020ல ஸ்டெக்சீக்னு ஒரு டூல் வந்துது, ஸ்டெக்ஹைட் படத்தை உடைக்கறதுக்குன்னே எழுதினது. 2009ல லீக்கான ராக்யூ பாஸ்வேர்ட் லிஸ்ட்ல 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல இருக்கு, அந்த மொத்த லிஸ்ட்டையும் இது 2 செகண்டுக்குள்ள போட்டுப் பாத்துடும். அதாவது உங்க பாஸ்வேர்ட் பேரும் பிறந்த வருஷமும் சேந்த மாதிரி எதாவதா இருந்தா, எண்டரைத் தட்டின விரலை எடுக்கறதுக்குள்ள ஃபைல் வெளிய வந்துடும். அதை விட மோசம் பாஸ்வேர்டே தெரியாம நடக்கறது. எந்தெந்த இடத்துல பிட்டை வைக்கறதுன்னு ஸ்டெக்ஹைட் முடிவு பண்றது பாஸ்வேர்டுலேர்ந்து வர்ற ஒரு 32 பிட் எண்ணை வச்சு, அந்த மாதிரி எண் மொத்தமே சுமார் 429 கோடிதான், இன்னைக்கு கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல, எல்லாத்தையும் ஓட்டிப் பாத்தே உள்ள எதோ இருக்கு, எவ்வளவு பெருசு, எந்த என்க்ரிப்ஷன்னு சொல்லிடும். என்க்ரிப்ஷனை ஆஃப் பண்ணி வச்சிருந்தீங்கன்னா பாஸ்வேர்டே இல்லாம ஃபைலும் கையில வந்துடும். இது 2021ல, பாதுகாப்பு ஓட்டைகளுக்கு நம்பர் கொடுக்கற சிவிஇ பட்டியல்ல, சிவிஇ-2021-27211ன்னு நம்பரோட பதிவாகியிருக்கு. ஆக அந்த "இருக்கா இல்லையான்னே தெரியக்கூடாது"ங்கற பெரிய ப்ளஸ் பாயிண்ட் இன்னைக்கு இல்ல, மிச்சம் இருக்கறது என்க்ரிப்ஷன் மட்டும்தான், நீளமான, எங்கயும் லிஸ்ட்ல இல்லாத பாஸ்வேர்ட் போட்டா உள்ள இருக்கறதைப் படிக்கறது கஷ்டம், ஆனா உள்ள எதோ இருக்குங்கறது ரகசியம் இல்ல. உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து வர்ற விஷயத்துக்கு தயவு செஞ்சு இதை நம்பாதீங்க, இதை நான் சும்மா ஒரு எச்சரிக்கைக்காக சொல்லல, மனசார சொல்றேன்.

டூலை விடுங்க, எந்தப் படத்தை எடுக்கறோம்ங்கறதும் முக்கியம். நெட்ல எடுத்த படத்துல வச்சா அதே ஒரிஜினலை டவுன்லோட் பண்ணி ரெண்டையும் ஒப்பிட்டாலே போதும், நீங்களே எடுத்த, வேற எங்கயும் போடாத போட்டோதான் எடுக்கணும், வேலை முடிஞ்சதும் ஒரிஜினலை வெளிய விடக்கூடாது. அப்புறம் படத்து கடைசியில ஜிப் ஃபைலை ஒட்டிட்டு மறைச்சுட்டேன்னு சொல்ற வீடியோக்கள் நிறைய சுத்துது, அது மறைக்கறதே இல்ல, ஃபைலுக்குள்ள வேற ஃபைல் இருக்கான்னு தேடற பின்வாக் டூலைப் போட்டா உடனே காட்டிடும்.

சரி ரெண்டாவது கேள்வி, படம் என்னுதுன்னு நிரூபிக்கறது. இங்க ஸ்டெக்ஹைட்டுக்கு வேலையே இல்ல. படத்துல மறைச்சதை ஒரு மெசேஜிங் ஆப்ல போட்டோவா அனுப்பிட்டு அந்தப் பக்கம் எடுத்துப் பாத்தா ஒண்ணுமே வராது, டாக்குமென்ட்டா அனுப்பினா ஃபைல் அப்படியே போகும், பிரச்சனை இல்ல. போட்டோவா அனுப்பும்போது அது மறுபடி ஜேபெக் கம்ப்ரஸ் பண்ணுது, அந்த 8க்கு 8 கட்டத்து எண்களை எல்லாம் வேற ஒரு டேபிளால வகுத்து முழு எண்ணாக்கிடுது, அந்த முழுசாக்கறதுலயே நம்ம பிட் செத்துடும். மேல ஒரு ஓரத்தை லேசா க்ராப் பண்ணினாலும் அதே கதிதான், ஏன்னா பிட்டுங்க படம் முழுக்க சிதறி இருக்கு, மொத்த எண்ணிக்கை மாறினதுமே எது எங்க இருக்குங்கற கணக்கே மாறிப்போயிடும், வெட்டின துண்டுல இருந்தது மட்டும் இல்ல, மொத்தமும் போச்சு. இதை ஸ்டெக்ஹைட்டோட குறைன்னு சொல்லவே கூடாது, அது அந்த வேலைக்கு எழுதினதே இல்ல.

அதுக்கு ஓப்பன்ஸ்டெகோ பாக்கலாம், ஜாவால எழுதினது, இதுக்கு விண்டோ இருக்கு, மறைக்கறதுக்கு ஒரு பக்கம், வாட்டர்மார்க்குக்கு ஒரு பக்கம்னு பிரிச்சே வச்சிருக்காங்க, அந்தப் பிரிப்பே சரியான புத்தி. வாட்டர்மார்க்கை அவங்களே பீட்டான்னு நேர்மையா போட்டிருக்காங்க. முதல்ல ஒரு சிக்னேச்சர் ஃபைல் உருவாக்கணும், அதை வச்சு படத்துல மார்க் போடணும், அப்புறம் சந்தேகப்படற படத்தையும் சிக்னேச்சரையும் கொடுத்தா எவ்வளவு பொருந்துதுன்னு சதவீதத்துல சொல்லும். உள்ள உங்க பேர் போன் நம்பர்னு எதுவும் எழுத்தா இருக்காது, இந்த சிக்னேச்சரோட ஒத்துப்போகுதா இல்லையாங்கறது மட்டும்தான், அதனால சிக்னேச்சர் ஃபைலைத் தொலைச்சா அவ்வளவுதான். இது கடைசி பிட்டுல வைக்கறதில்ல, படத்தை வேவ்லெட்டா, அதாவது பெரிய வடிவம், நுணுக்கமான விவரம்னு தனித்தனி அடுக்கா பிரிச்சு அதுல பெரிய எண்கள்ல, அதாவது படத்தோட விளிம்பும் அழுத்தமான வடிவமும் இருக்கற இடத்துல வைக்குது, அதைக் கெடுக்கணும்னா படத்தையே கெடுக்கணும்ங்கறதுதான் இதுல இருக்கற யோசனை. மிதமான கம்ப்ரஷனுக்குத் தாங்கும் வகை இது, ஆனா சாய்ச்சு, சைஸ் மாத்தி, வெட்டி எடுத்ததுக்கெல்லாம் இதை நம்பி நிக்க முடியாது.

அதை விட முக்கியம், மார்க் இருந்தாலே உங்க படம்னு ஆயிடாது. உங்க படத்தை எடுத்தவனும் அது மேல அவனோட மார்க்கைப் போட்டுட்டு என்னுதுன்னு சொல்லலாம், ரெண்டு மார்க்கும் படத்துல இருக்கும், எது முதல்ல போட்டதுன்னு படம் சொல்லாது. அப்ப பேசறது உங்ககிட்ட இருக்கற ரா ஃபைல், அதாவது கேமரா கம்ப்ரஸ் பண்ணாம அப்படியே பதிவு பண்ணினது, அதுக்கு முன்னயும் பின்னயும் எடுத்த ஷாட்டுங்க, அது எதுவும் அவன்கிட்ட இருக்காது. இதனாலதான் என்னைக் கேக்கறவங்க எல்லாருக்கும் ராவை அழிக்காதீங்க, அழிக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

ஏஐ படத்துல வர்றது வேற கதை, கூகுள் டீப்மைண்டோட சின்த்ஐடி 2023 ஆகஸ்ட்ல அறிவிச்சது, அவங்க மாடல்ல பிறக்கற படத்துல பிக்சல்லயே மார்க் போகுது, நம்ம கேமரா படத்துக்கு அதுல வேலை இல்ல. சி2பிஏங்கறது படம் எங்கிருந்து வந்துதுன்னு சொல்ற டிஜிட்டல் கையெழுத்து, படத்தோட ஃபைல்ல மெட்டாடேட்டாவா கூட வரும், நல்ல முயற்சி, ஆனா ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா அதோட போச்சு.

இப்ப வீடியோ. இங்க ஒளிச்சு வைக்கற ஆசையை விட யார் லீக் பண்ணினாங்கன்னு தெரிஞ்சுக்கற தேவைதான் பெருசு. 2004ல ஆஸ்கார் அகாடமி ஒரு மெம்பரையே வெளிய அனுப்பிச்சுது, ஓட்டு போடறவங்களுக்குன்னு அனுப்பின காப்பி நெட்ல வந்ததை வாட்டர்மார்க் வச்சுத்தான் அவருக்குப் போன காப்பின்னு பிடிச்சாங்க. டிஜிட்டல் தியேட்டருக்கு ஹாலிவுட் ஸ்டுடியோக்களோட கூட்டமைப்பான டிசிஐ போட்ட விதியில 5 நிமிஷ படத்துக்கு 35 பிட் உள்ள இருக்கணும், 16 பிட் நேரத்துக்கு, 19 பிட் எந்த இடம், எந்த மெஷின்ங்கறதுக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு வெறும் 35 பிட், அஞ்சு எழுத்துக்குக்கூட பத்தாது. ஒரு ஸ்டில்லுல 760 கேபி வைக்கலாம்னு மேல பாத்தோம், இங்க இவ்வளவு கம்மியா வைக்கறாங்கன்னா காரணம் இதுதான், அதே பிட்டை ஆயிரக்கணக்கான ஃப்ரேம்ல திரும்பத் திரும்பப் பரப்பி வச்சாத்தான் எவனோ சீட்டுல உக்காந்து கேமராவுல கோணலா எடுத்து, அதைக் கம்ப்ரஸ் பண்ணி ஏத்தினதுக்கப்புறமும் அது உயிரோட இருக்கும். எவ்வளவு குறைவா வைக்கறமோ அவ்வளவு தாங்கும்.

சின்ன அளவுல வேலை பண்றவங்க இந்த யோசனையை மட்டும் எடுத்துக்கலாம். மெட்டா 2024 டிசம்பர்ல வீடியோ சீல்னு ஒண்ணை ஓப்பன் சோர்ஸா விட்டாங்க, பைதான் தெரிஞ்சா ஓட்டிப் பாக்கலாம், கம்ப்ரஷன், க்ராப் எல்லாம் தாங்கணும்னே பயிற்சி கொடுத்த மாடல், இந்த வேலைக்கு ஸ்டெக்ஹைட் வகையறாவை விட இதுதான் சரி. எதைப் பயன்படுத்தினாலும் ப்ரிவ்யூ அனுப்பும்போது எல்லாருக்கும் ஒரே ஃபைலை அனுப்பாதீங்க, ஆளுக்கு ஒரு நம்பர் உள்ள போட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்க, எந்த நம்பர் யாருக்கு, என்னைக்குப் போச்சுன்னு ஒரு ஷீட்ல எழுதி வைங்க, அந்த ஷீட் இல்லேன்னா லீக்கான வீடியோவுலேர்ந்து நம்பர் அழகா வெளிய வந்தாலும் அது யாருன்னு சொல்ல வழியே இருக்காது.